சம்பளமில்லாத நாற்காலிக்கு யார் நிற்கலாம்?

நம் பக்கத்தில் சங்கங்களுக்குக் குறைவே இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், வியாபாரிகள் சங்கம், ஓய்வூதியர் சங்கம், நகர் நலச் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம் என்று காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படும். ஏனாத்தூர் வரை வந்தாலும் அதே கதைதான். ஒவ்வொன்றிலும் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் என்று நாற்காலிகள். பெரும்பாலானவற்றுக்குச் சம்பளம் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு வருடம் அந்த நாற்காலிக்கு அடிதடி நடக்கும். இன்னொரு வருடம் ஆளே கிடைக்காமல் யாரையாவது கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது, உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது என்ன செய்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதில்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் பேசி வைத்தார்கள். கல்லிலும் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் வெகுதூரத்தில் இல்லை. காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூரில் இருக்கிறது.

உத்திரமேரூர் குடவோலையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் இருக்க முடியாது. ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் 'உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கோப்பைப் பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது அதன் ஷரத்துகள்தான்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 2 தீர்மானங்கள். ஒன்று 919ஆம் ஆண்டு, இன்னொன்று 921ஆம் ஆண்டு. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். முதல் தீர்மானத்தில் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போலப் பிரிக்கப்பட்டிருந்தது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். கூடுதலாகப் படித்தவருக்கு அரைக்கால் வேலி நிலம் இருந்தாலும் போதும். காரியத்தில் நிபுணராகவும், நல்வழியில் பொருள் தேடியவராகவும் இருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

வாரியம் என்றால் இன்றைய கமிட்டி. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று தனியாகவும் உண்டு. பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் தெரிந்தால் அன்றைக்கே இறக்கிவிடலாம்.

யார் நிற்கக்கூடாது என்ற பட்டியல்தான் நீளம். அதில் முதல் ஆள் கொலைகாரனோ திருடனோ அல்ல. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமல்ல. அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவர், சகோதரியின் மகன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறை சொல்லி அத்தனை பேரையும் தடுத்திருக்கிறார்கள். தான் இறங்கி மைத்துனனை ஏற்றிவிடும் வித்தை 1100 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஐம்பெரும் பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள்.

குமாஸ்தாக்களையும் விட்டுவைக்கவில்லை. கணக்கு எழுதினவர் தாமே வந்து பெரியவர்களிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். அவர் எழுதிய கணக்கை வேறொருவர் வந்து முடித்து வைக்கக்கூடாது. ஒப்படைத்துச் சுத்தமானவர் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி அந்த வேலை. அலுவலகத்தில் 'முன்பு இருந்தவர் எழுதியது, எனக்குத் தெரியாது' என்ற வாக்கியத்தை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். உத்திரமேரூரில் அது செல்லாது.

தேர்ந்தெடுத்த முறையிலும் இதே கவனம் தெரியும். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்கும்போது வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுத்து வேறொரு குடத்தில் இட, அதைக் குலுக்கி ஓர் ஓலை எடுப்பான். மத்தியஸ்தன் அதைத் தன் 5 விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைந்திருக்கவில்லை என்று ஊர் பார்க்க வேண்டுமே! அவர் வாசித்த பிறகு அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் வாசிப்பார்கள். அதன் பிறகுதான் பெயர் ஏற்கப்படும்.

இதில் வாக்கு கேட்டு வீடு வீடாகப் போவது இல்லை. சீட்டு யாருக்கு விழுமோ அவர் சேவை செய்ய வேண்டும். அதே சமயம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அது பிரம்மதேய ஊர். சபையில் இடம் நிலமுள்ள அந்தண ஆண்களுக்குத்தான். பெண்ணுக்கு இடமில்லை, உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் இடமில்லை. எல்லோருக்குமான ஜனநாயகம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன் இதையும் சொல்லியாக வேண்டும்.

நெய்தவனுக்கு இடம் இருந்தது காஞ்சி நகரத்தில். உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது இன்று நாம் உலகளந்த பெருமாள் கோயில் என்று சொல்லும் கோயிலின் வரவு செலவைப் பற்றியது. காஞ்சியின் 4 நெசவாளர் குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலிகள் அதில் வருகிறார்கள். கோயில் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களிடம் தரப்பட்டது. கணக்கைச் சரிபார்க்கும் ஏற்பாடும் செப்பேட்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தறியில் உட்கார்ந்தவர்களை நம்பி ஊர்ப் பொதுப்பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள், கணக்கு என்ற நிபந்தனையோடு.

இங்கிருந்து ஒரேயடியாக பிரான்சுக்குத் தாவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பட்டு நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும். எங்கள் சரித்திரப் பாடத்தில் லியோன் நகரத்து நெசவாளர்கள் வருவார்கள். காஞ்சிக்கு வந்து தறிச் சத்தத்துக்கு நடுவே குடியேறிய பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு விளங்கியது. நம் தறிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதற்குப் பெயர் கொடுத்த ஜக்கார் லியோன்காரர். அங்கேயும் தறி வீட்டில், பட்டு நூல் வியாபாரியிடமிருந்து. நெய்து கொடுத்தால் அளவுக்குத் தகுந்த கூலி. நூல் எடை குறைந்தது, கூலியைப் பிடித்துவிட்டார்கள் என்ற தகராறும் அதே.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1791இல் லெ ஷாப்லியே சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரே தொழில் செய்பவர்கள் தங்கள் தொழில் நலனுக்காகச் சங்கம் கூடுவதே குற்றம் என்றது அது. சுதந்திரம் என்று முழங்கிய நாட்டில் தொழிற்சங்கம் வைக்கச் சட்டப்படி அனுமதி கிடைக்க 1884 வரை ஆயிற்று. ஆனால் சங்கம் வேண்டாம் என்றால் தகராறை யார் தீர்ப்பது? லியோன் பட்டு வியாபாரிகள் நெப்போலியனிடம் முறையிட்டார்கள். 1806 மார்ச் 18ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. அதன்படி லியோனில் ஏற்பட்டதுதான் 'கொன்செய் தெ ப்ருதோம்'. விவேகிகள் சபை என்று தமிழில் சொல்லலாம். வக்கீலும் நீதிபதியும் இல்லாமல், அந்தத் தொழிலைச் செய்பவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டு உட்கார்ந்து தகராறைத் தீர்த்து வைக்கும் இடம். இன்றும் பிரான்சில் வேலை சம்பந்தமான வழக்குகள் இந்தப் பெயருள்ள மன்றங்களுக்குத்தான் போகின்றன.

அந்தச் சபையில் 9 நாற்காலி. வியாபாரிகளுக்கு 5, தறிக்குச் சொந்தக்காரரான தலைமை நெசவாளர்களுக்கு 4. யார் நிற்கலாம் என்ற ஷரத்தைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வந்தது. வியாபாரி 6 ஆண்டு அந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும். திவால் ஆனவர் கூடாது. நெசவாளர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக, 6 ஆண்டு தொழில் செய்தவராக இருக்க வேண்டும். நெய்யக் கொடுத்த நூலைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவர் கூடாது. பராந்தகன் காலத்துச் சபையையும் நெப்போலியன் காலத்துச் சபையையும் இணைக்கும் பாலம் எதுவும் இல்லை. ஆனாலும் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: கையில் வாங்கியதற்குக் கணக்குச் சொல்லாதவன் பொது நாற்காலியில் உட்காரக் கூடாது.

விதி நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் லியோன்தான் காட்டியது. 5க்கு 4 என்ற கணக்கில் பெரும்பான்மை எப்போதும் வியாபாரி பக்கம். கூலி விகிதத் தகராறு 1831 நவம்பரில் கலகமாகவே வெடித்தது. நாற்காலிகளை எண்ணிப் பங்கு போடும்போதே யார் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அதில் எனக்குக் கிடைத்த பாடம்.

மறுபடி நம் ஊருக்கு வருவோம். 1890களில் சென்னை மாகாண அரசு, விவசாயிகளின் கடன் சுமைக்கு வழி தேடச் சொல்லி பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவர் பெரிய அறிக்கை எழுதினார். அதன் சாரம், சட்டத்தை எழுதுவதைவிட ரைஃபைசனைப் போன்ற மனிதர்களைத் தேடிப் பிடிப்பதுதான் முக்கியம் என்பது. ரைஃபைசன் ஜெர்மனியில் சிற்றூர்களின் மேயராக இருந்தவர். அவர் அமைத்த கடன் சங்கங்களில் நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுபவருக்கு மட்டும்தான் உண்டு. எல்லையும் சிறியது, ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறியும் அளவுக்கு.

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நாட்டிலேயே முதலில் பதிவானது ஆகஸ்டு 30ஆம் தேதி திரூரில். இன்று திருவள்ளூர் மாவட்டம். அன்று நம்முடைய செங்கல்பட்டு மாவட்டம்தான். அதே 1904 அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. எந்த ஊர் தெரியுமா? கஞ்சீவரம் என்று வெள்ளைக்காரன் எழுதிய நம் காஞ்சிபுரம். இதில் ஒரு பொருத்தமும் உண்டு. உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பற்றி வெங்கய்யா விரிவாக எழுதியது தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில். பழைய வாரியம் படிக்கக் கிடைத்ததும் புதிய வாரியம் பிறந்ததும் ஒரே சமயம்.

சம்பளமில்லாத பதவிக்கு நாம் வைத்த பெயரைக் கவனியுங்கள். 'கௌரவ'ச் செயலாளர், 'கௌரவ'த் தலைவர். பணத்துக்குப் பதிலாக மரியாதை என்று ஒப்பந்தம். பிரெஞ்சில் கூலியில்லாமல் சேவை செய்பவரை 'பெனெவோல்' என்பார்கள். வேர்ச்சொல்லைப் பார்த்தால் 'நல்லதை விரும்புகிறவர்' என்று பொருள். நம் சொல் நாற்காலிக்கு என்ன கிடைக்கும் என்று பேசுகிறது. அவர்கள் சொல் உட்காருகிறவர் மனதைப் பற்றிப் பேசுகிறது. மரியாதையைக் கூலியாக வைத்ததால்தானோ என்னவோ, மாலை, சால்வை, மேடை என்று அந்தக் கூலியை வசூல் பண்ணிவிட்டுக் கணக்கை மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே அதிகம்.

இது எனக்குச் சொந்த அனுபவம் இல்லாமல் எழுதுவதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓய்வூதியர் அமைப்பில் பொருளாளர் பதவிக்கு நின்றேன். பெயர் வேண்டாம். அங்கே குடும்ப உதவி நிதி ஒன்று இருந்தது. உறுப்பினர் ஒருவர் காலமானால் எல்லோரும் போட்டு வைத்த பணத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு உடனே ஒரு தொகை தர வேண்டும். 3 வருடமாகக் கணக்கு வாசிக்கப்படவில்லை. அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் மனைவி 8 மாதமாக அலைந்துகொண்டிருந்தார். "எவ்வளவு வரும்னுகூட வேணாம் சார், வருமா வராதான்னு மட்டும் சொல்லுங்க. காரியத்துக்கு வாங்கின கடனுக்கு வட்டி ஏறுது" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பொருளாளராக இருக்க வேண்டும். அதனால் நின்றேன்.

நண்பர்கள் தடுத்தார்கள். "ஏன் சார் இந்த வயசுல? பி.பி. மாத்திரை போட்டுக்கிட்டு நிம்மதியா இருங்க" என்றார் ஒருவர். நான் வீடு வீடாகப் போகவில்லை. ஒரே ஒரு தாள் அச்சடித்தேன். அதில் 3 வரி. கணக்கு வாசித்த பிறகே வேட்புமனு. கணக்குத் தராதவரும் அவர் வீட்டாரும் அடுத்த முறை நிற்கக்கூடாது. ஒரே ஆள் தொடர்ந்து இருக்கக்கூடாது. கீழே 'இவை என் யோசனை அல்ல, உத்திரமேரூர் சபையினர் 921இல் எடுத்த முடிவு' என்று போட்டேன்.

எனக்கு 41 வாக்கு. எதிரே நின்றவருக்கு 58. தோற்றுவிட்டேன். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு வாக்களிக்காத ஒருவரே எழுந்து "முதல் வரியை மட்டுமாவது தீர்மானமாப் போடுங்க" என்றார். போட்டார்கள். அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்துத்தான் ஆக வேண்டும் என்றதும், ஜெயித்தவர் பழைய ரசீதுகளை எல்லாம் தேடி எடுத்தார். அந்த அம்மாளுக்கு இரண்டு மாதத்தில் பணம் கிடைத்தது. நாற்காலி கிடைக்காமலே அதன் வேலை நடந்தது. இரண்டாவது, மூன்றாவது வரிகள் இன்னும் தீர்மானமாகவில்லை, நானும் விட்டபாடில்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் கதையை வாசகர்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவார்கள். தமிழ்நாட்டில் வாரியம் இருந்த காலமும் உண்டு, வாரியம் இல்லாமல் தனி அலுவலர் பார்த்துக்கொண்ட காலமும் நிறைய உண்டு. 2011இல் வந்த அரசியல் சட்டத்தின் 97ஆவது திருத்தம், வாரியத்துக்கு 5 ஆண்டுக் காலம், 21 பேருக்கு மேல் கூடாது, பெண்களுக்கு 2 இடம், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்கு 1 இடம் என்றெல்லாம் சொன்னது. மாநிலச் சங்கங்களுக்கு அது செல்லாது, மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. இங்கே 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களின் காலம் 2023இல் முடிந்தபோது, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தனி அலுவலர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் அரசாங்க உப்பைத் தின்றவன். கோப்பை ஒழுங்காக வைத்திருப்பார்கள். ஆனால் தறிக்காரர் ஒருவர் பாவும் ஊடையும் ஜரிகையும் எப்போது கிடைக்கும், போனஸ் எப்போது என்று கேட்டால், அதே தெருவில் குடியிருந்து மறுநாள் காலையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டிய ஒருவர் பதில் சொல்வது வேறு. 2 வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர் பதில் சொல்வது வேறு. ரைஃபைசன் சிறிய எல்லை கேட்டது அதற்காகத்தான். நிற்க ஆள் இல்லை, நின்றாலும் சண்டை என்று நாமே அலுத்துக்கொண்டால், நமக்காக அலுவலர் வருவதைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே நிற்க நினைப்பவர்களுக்கு ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் யோசனை. மனுப் போடுவதற்கு முன் சங்கத்தின் துணைவிதியை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். கடைசி 3 வருட வரவு செலவையும் தணிக்கைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் சங்கத்துக்குப் பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள். எத்தனை வருடம் இருப்பீர்கள், எப்போது இறங்குவீர்கள் என்று நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். பதவியில் இருக்கும்போது ரசீது இல்லாமல் ஒரு டீக்குக்கூடச் சங்கப் பணத்தைத் தொடாதீர்கள். இறங்கும் நாளில் உங்கள் கணக்கை நீங்களே வாசியுங்கள்.

நிற்காதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பேரவைக் கூட்டத்துக்குப் போனால் வாசலில் வருகைப் பதிவேட்டை நீட்டுவார்கள். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிட்டு, போண்டா காபி முடித்துக் கிளம்பிவிடுவோம். இந்த முறை வரவு செலவுத் தாள் கையில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு கேள்வியாவது கேளுங்கள். பொடி எழுத்தாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். காபி ஆறினால் பரவாயில்லை.